வன்னிக் கைத்தறியும் பனையோலை வேலையும்: நியாயமாகச் செய்விக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னி எனப்படும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் நெய்யப்படும் துணியையும் இழைக்கப்படும் ஓலைப் பொருட்களையும் உடுக்கவோ, பரிசளிக்கவோ, சிறிய அளவில் விற்கவோ விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் கடை வைத்திருப்பவரும், ரொறன்ரோவிலிருந்து மகளின் கலியாணத்துக்குத் தாம்பூலப் பைகள் செய்விக்க நினைக்கும் தாயும், கிளிநொச்சியில் இருந்தபடியே இணையவழி விற்பனை தொடங்கும் இளைஞரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் படத்தைக் காட்டுகிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள், பிறகு திகதியைச் சொல்கிறார்கள்; அந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் செல்லும் என்ற கேள்வி கடைசிவரை எழுவதில்லை.

அந்த வரிசையை மாற்றினாலே பாதிப் பிழைகள் தாமாக விலகிவிடும். நேரம் முதலில், கூலி அடுத்து, மூலப்பொருள் அதன் பின், வடிவம் கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. அவசரத்தில், வடிவத்தைப் பேசும் எட்டாம் படியிலிருந்து தொடங்க வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று மாத அவகாசம், மொத்தச் செலவில் பாதியளவு கைக்காசு, ஓர் அளவுநாடா, ஒரு குறிப்புக் கொப்பி, செய்பவரின் வீட்டுக்கு நேரில் போய்வரக்கூடிய ஒருவர் ஆகியவை தேவை. இவற்றில் கடைசியானதை விட்டுவிட்டுத் தொலைபேசியை மட்டும் நம்பித் தொடங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஓலையின் நிறமும் துணியின் கனமும் கைத்தொலைபேசிப் படத்தில் சரியாகத் தெரிவதில்லை. அதனால் வந்த மனத்தாங்கலைச் செய்தவரே சுமக்க நேர்ந்திருக்கிறது.

கைக்காசு இல்லாமல் தொடங்கினால் நூலும் சாயமும் வாங்கும் செலவு செய்பவரின் தலையில் விழும். கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், நம்முடைய கட்டளைக்காக இன்னொரு கடன் எடுக்கப்படுமானால், அங்கேயே நமது நோக்கம் கெட்டுவிடுகிறது.

2. செய்பவரைத் தேடுதல்

தறி வேலையும் ஓலை வேலையும் வெவ்வேறு விதமாக நடக்கின்றன. தறி பெரும்பாலும் ஒரு நெசவு நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கும்; பல பெண்கள் அங்கே வந்து நெய்வார்கள். ஓலை வேலை வீட்டு விறாந்தையில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நடப்பது. ஆகவே துணிக்கு நிலையத்தின் பொறுப்பாளரோடும், ஓலைக்கு ஒவ்வொரு கைவினையாளரோடும் தனித்தனியே பேச வேண்டும்.

விசாரிக்கத் தொடங்குவதற்கு ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நல்ல இடம். யார் பெட்டி இழைக்கிறார், யாருடைய கை நுணுக்கமானது, யார் இப்போது வேலை இல்லாமல் இருக்கிறார் என்பது அங்கே தெரியும். பிரதேச செயலகத்தில் சிறு தொழில்களைக் கவனிக்கும் அலுவலரையும், மாகாணத் தொழிற்றுறைத் திணைக்களத்தையும், 1978 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையையும் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். “மிகவும் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைக் காட்டுங்கள்” என்று கேட்டுக்கொண்டு ஊருக்குள் போகக் கூடாது. நாம் தேடுவது கைத்திறனை. போரின் இழப்பைக் கேட்டுப் போனால், தொழில் தெரிந்தவர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தன் துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சம்மதிப்பவர் முன்னுக்கு வருவார். இது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

3. பருவத்தைப் பார்த்துத் திகதி குறித்தல்

வன்னியில் வேலைக்கான நாட்காட்டியை மழையும் வயலும்தான் எழுதுகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் ஓலை காயாது. காயாத ஓலையில் இழைத்த பெட்டி சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை. அப்போது வயல் வேலைக்கு நாட்கூலி உடனே கைக்கு வருமென்பதால் பலர் அங்கே போய்விடுவார்கள், அது நியாயமானதும்கூட.

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலை அண்டிய நாட்களில் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்தில் எந்த வேலையும் நகராது. மன்னார்ப் பக்கத்தில் ஓகஸ்ட் 15 ஆம் திகதி வரும் மடு மாதா தேவாலயத் திருவிழாவுக்கும் அதேபோல இடம்விட வேண்டும். கடும் கோடையில் காற்று வறண்டிருக்கும்போது ஓலை முறியும், தறியில் நூலும் அடிக்கடி அறும்; ஆகவே அந்த மாதங்களில் விடிகாலை வேலை மட்டுமே கணக்கில் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தைமாதக் கலியாணத்துக்கு அறுபது மூடல்பெட்டிகளைக் கார்த்திகையில் கேட்டது. இழைத்த நால்வரும் அடுப்பங்கரையில் கயிறு கட்டி ஓலை காயவைத்தார்கள். புகை மணமும் கரும்புள்ளியுமாக வந்த பெட்டிகளில் பாதி திருப்பி அனுப்பப்பட்டது. அந்தப் பெட்டிகளில் கைக்குற்றம் எதுவும் இருக்கவில்லை; திகதிதான் பிழையாக இருந்தது. அதே கட்டளையை ஆடியில் கொடுத்திருந்தால் ஒரு பெட்டியும் வீணாகியிருக்காது.

4. நேரத்தை அளத்தல்

இந்தப் படியை ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது. ஒரு பொருள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்பதை, செய்பவரோடு கூட இருந்து ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும். அவரிடம் வாயால் கேட்டால், “ரெண்டு நாள் செல்லும்” என்பதுதான் பதிலாக வரும்; அதில் எவ்வளவு வேலை, எவ்வளவு வீட்டலுவல் என்று அவரே பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்.

பூநகரிப் பக்கத்து வீடொன்றில் ஒரு கைப்பைக்காக நான் இப்படி எழுதினேன். அந்த அம்மா, வார்ந்து நனைத்த குருத்தோலையை ஈரச் சீலையில் சுற்றித் தன் முழங்காலுக்கு அருகில் வைத்திருந்தார். ஒவ்வொரு வாரையும் எடுத்ததும் காதருகே கொண்டுபோய் மெல்ல மடித்துப் பார்த்தார். மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்டால் அந்த வார் மறுபடியும் சீலைக்குள் போகும். சத்தமில்லாமல் வளைந்தால் பின்னலுக்குள் போகும். நான்கு விரல் அகலம் இழைப்பதற்குள் பதினோரு வார்கள் அவ்வாறு திரும்பிப் போயின. விலை பேசும் எவரும் அந்தப் பதினோரு வார்களைக் கண்டிருக்கமாட்டார்கள்.

இழைக்கத் தொடங்கியதிலிருந்து விளிம்பு கட்டும் வரை ஐந்தரை மணித்தியாலம் என்று எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். “ஓலை எடுக்கப் போன நேரத்தை ஏன் தம்பி எழுதேல்லை? அது என்ர நேரம் இல்லையோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஓலை சேர்த்தல், ஈர்க்கு நீக்கிக் காயவைத்தல், ஒரே அகலத்தில் வார்தல், சாயத்தில் அவித்தல், பிடி தைத்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒரு பைக்கு உரிய பங்காகப் பிரித்துச் சேர்த்தோம். ஒன்பது மணித்தியாலம் வந்தது.

தறியிலும் இதே பிழை நடக்கிறது, அங்கே அது இன்னும் பெரிது. கூலி மீற்றர் கணக்கில் பேசப்படுவதால், தறியில் உட்கார்ந்து நெய்யும் நேரம் மட்டுமே கூலியைப் பெறுகிறது. நூல் சுற்றுதல், பாவு எனப்படும் நீளவாட்டு இழைகளை ஓட்டுதல், அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் விழுதிலும் அச்சிலும் கோத்தல் ஆகியவை கணக்கின் வெளியே நின்றுவிடுகின்றன. 45 அங்குல அகலத் துணியில் அங்குலத்துக்கு 60 இழை என்றால், ஒரு மீற்றர்கூட நெய்யப்படுவதற்கு முன் 2,700 இழைகளை ஒவ்வொன்றாகக் கோக்கவோ பழைய இழையோடு முடிச்சுப் போடவோ வேண்டும். ஆகவே தறி ஏற்றும் வேலைக்கு நாட்கணக்கிலும், நெய்வதற்கு மீற்றர் கணக்கிலும் கூலியை இரண்டாகப் பிரித்தே பேசுங்கள்.

சமைக்க எழுந்து போகும் நேரத்தைக் கழிக்கலாம். ஓலையை நனைக்கத் தண்ணீர் அள்ளும் நேரமும், அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும் நேரமும் வேலையைச் சேர்ந்தவை. அவற்றைக் கழிக்கக் கூடாது.

5. கூலியிலிருந்து விலையைக் கட்டுதல்

இலங்கையின் தேசிய குறைந்தபட்ச வேதனம், 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தினால் வரையறுக்கப்படுகிறது. 2025 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் அது மாதத்துக்கு 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா. இது தொழில்தருநரின் கீழ் வேலை செய்பவருக்கான சட்டம். வீட்டிலிருந்து பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரை எவரும் இதைக் கொண்டு காப்பாற்றுவதில்லை. இதற்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது என்ற தரைமட்டமாக இதை வைத்துக்கொண்டு, அந்த ஊரில் வயல் வேலைக்கும் மேசன் உதவிக்கும் கொடுக்கப்படும் நாட்கூலியை விசாரித்து, கைத்திறனுக்கு அதைவிடக் குறையாத தொகையைக் குறிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எட்டு மணித்தியால நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்தால் மணிக்கு 250 ரூபா. ஒன்பது மணித்தியாலப் பைக்குக் கூலி 2,250. ஓலை, சாயம், விறகு, பிடி, உள்துணி எல்லாம் சேர்த்து 600. பழுதாகும் ஓலைக்கும் தேயும் கத்திக்கும் கூலியில் பத்திலொரு பங்காக 225. மொத்தம் 3,075 ரூபா. செய்பவரின் கைக்குப் போக வேண்டிய தொகை இது. பேருந்துச் செலவும் உங்கள் உழைப்பும் இதற்கு மேலே வருபவை.

அதே பையை “சந்தையில் 1,200 ரூபாவுக்கு எடுக்கலாமே” என்று கேட்பவருக்கு இன்னொரு கணக்கைக் காட்டலாம். 1,200 இலிருந்து பொருட்செலவு 600 ஐக் கழித்தால் மிஞ்சுவது 600; அதை ஒன்பதால் பிரித்தால் மணிக்கு 67 ரூபாகூட இல்லை. எட்டு மணித்தியால நாளுக்கு அது ஏறத்தாழ 533 ரூபா, சட்டம் சொல்லும் தரைமட்டத்தின் பாதிக்கும் கீழே. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

விலை அதிகமாகத் தோன்றினால் கூலியைத் தொடாதீர்கள், வேலையைக் குறையுங்கள். பூவேலையைப் பாதியாக்கலாம், உள்துணியை விடலாம், வாரின் அகலத்தைச் சிறிது கூட்டலாம். வார் அகன்றால் பின்னல் விரைவாக நகரும்.

நீங்கள் ஒருவரை மாதம் முழுவதும் உங்கள் இடத்தில் வைத்து நெய்விப்பதானால் நீங்கள் தொழில்தருநர். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதமும் அவர் பங்கு 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு 3 வீதமும் சேர வேண்டும். “சங்கத்துப் பெண்கள்தானே” என்று இதை விட்டுவிடுவது சட்டப்படியும் பிழை.

6. ஓலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டல்

பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு புது ஓலைதான் விடும். குருத்தோலை வெள்ளையாகவும் மென்மையாகவும் இருப்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் மெலிந்துபோகும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்காகவும் எறிகணையாலும் வன்னி இழந்த பனைகள் ஏராளம், புதிதாக முளைத்தது பூத்துக் காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். இருக்கும் மரங்களை மெலியவிட முடியாது.

இதற்கு வடிவத்திலேயே ஒரு தீர்வு உண்டு. பொருளின் உடலைக் குருத்தைவிட முற்றிய சார்வோலையில் இழைத்து, கண்ணுக்குத் தெரியும் பூவேலைக்கு மட்டும் குருத்தோலையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும் சார்வோலையின் மேல் வெள்ளைக் குருத்து எடுப்பாகவும் தெரியும், பையும் நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்: அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டதா? பளை, முகமாலைப் பக்கத்தில் பனங்காணிகள் உண்டு. அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தொடர்ந்தது. கட்டளை பெரிதாகி ஓலை போதாமல் போகும்போதுதான் ஒருவர் வேலியைத் தாண்டி உள்ளே போகத் துணிவார். ஆகவே அந்த வீட்டைச் சுற்றிப் பயமின்றி எடுக்கக்கூடிய ஓலைக்கு ஏற்பவே எண்ணிக்கையைக் குறியுங்கள்.

7. நூலும் சாயமும்

நம் நாட்டுத் தறிகளுக்கு வரும் பருத்தி நூலில் பெரும்பகுதி இறக்குமதி, முக்கியமாக இந்தியாவிலிருந்து. ஆகவே “முழுக்க முழுக்க வன்னியில் விளைந்தது” என்று துணிக்கு அட்டை கட்டுவது பொய். நெய்த கை வன்னியுடையது என்று சொல்லுங்கள். அதுவே போதிய பெருமை.

நூலின் இலக்கம் கூடக்கூட இழை மெல்லியதாகும். ஒரு இறாத்தலில் 840 யார் (கெஜம்) நீள நூற்சுருள்களான சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே அந்த இலக்கம். 2/40 என்றால் நாற்பதாம் இலக்க இழை இரண்டை முறுக்கியது. விரிப்புக்கும் சட்டைத் துணிக்கும் தாங்கும். 2/80 மெல்லிய சேலைக்கு ஏற்றது, அதே அளவுக்கு நெய்ய நேரமும் அதிகம் எடுக்கும். நூல் உண்மையில் பருத்திதானா என்பதை அறிய இரண்டு அங்குல இழையை எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

சாயத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: என்ன சாயம், கழிவுநீர் எங்கே போகிறது. சாயமிடும்போது எரிசோடா, உப்பு போன்றவையும் சேரும். அந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றினால், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அதே கிணற்றை நம்பும் வீட்டுக்கு அதைவிடத் தீங்கு வேறில்லை. கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில் கழிவுநீர்க் குழி வெட்டவும், கையுறையும் முகமூடியும் வாங்கவும் ஆகும் செலவை விலைக்குள் சேருங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்புவதானால் சாயம் விற்றவரிடம் எழுத்து மூலமான உறுதி தேவை. அரோமற்றிக் அமீன்கள் எனப்படும் தீங்கான வேதிப்பொருட்களில் 22 வகையை வெளிவிடக்கூடிய, அசோ எனும் செயற்கைச் சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் உடலோடு படும் துணியில் அனுமதிப்பதில்லை. எல்லை, கிலோவுக்கு 30 மில்லிகிராம்.

இயற்கைச் சாயம் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். மஞ்சள் வெயிலில் விரைவாக வெளிறும். படிகாரமோ கடுக்காயோ போன்ற பிடிப்பான் இல்லாமல் பெரும்பாலான தாவர நிறங்கள் நூலில் நிற்பதில்லை. மருதம் பட்டை நல்ல கபிலம் தரும், ஆனால் குளக்கட்டில் நிற்கும் உயிர்மரத்தில் பட்டை உரிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். விழுந்த மரத்திலும் வெட்டிய கிளையிலும் எடுத்ததா என்று கேட்டுவிட்டே வாங்குகிறேன்.

8. மாதிரி செய்வித்தல்

இப்போதுதான் வடிவத்தைப் பேச வேண்டும். மாதிரிக்கு முழுக் கூலி கொடுங்கள், பிடிக்காவிட்டாலும் கொடுங்கள். முதற்பொருளை இலவசமாகக் கேட்பது, செய்பவரின் இரண்டு நாளை எடுத்து நம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதாகும்.

ஓலைப் பொருளுக்குப் படத்தை அனுப்பி “இதேபோல” என்று சொல்லாமல், அகலம், உயரம், பிடியின் நீளம் மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதிக் கொடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். அளவையும் நிறத்தையும் பின்னலையும் சேர்த்து மாற்றினால், பிழை எங்கே நேர்ந்ததென்று இருவருக்கும் தெரியாது.

தறியில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. நீளவாட்டில் ஓடும் பாவு ஏற்றப்பட்டுவிட்டால் அதன் நிறம் முடிவானது. அது பல சேலைகளுக்குரிய நீளம். குறுக்கே போகும் ஊடையின் நிறத்தைச் சேலைக்குச் சேலை மாற்றலாம். ஆகவே ஒரேயொரு சேலையைத் தனி நிறத்தில் கேட்பதைவிட, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பாவைத் தெரிவு செய்து, ஊடையில் வேறுபடுத்திக்கொள்வது நெசவாளருக்கும் இலகு, உங்களுக்கும் செலவு குறையும்.

மாதிரித் துணியில் 50 சென்ரிமீற்றர் சதுரமொன்றைக் கழுவி, நிழலில் காயவைத்து அளந்து பாருங்கள். 47 ஆகச் சுருங்கியிருந்தால் சுருக்கம் 6 வீதம். தைக்கும் துணியின் நீளத்தை அதற்கேற்பக் கூட்டிக் கேட்க வேண்டும்.

9. எழுதிக்கொள்ளலும் முற்பணமும்

தமிழில், ஒரே பக்கத்தில், இருவரும் வாசித்து ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை, அளவு, ஒன்றுக்கான விலை, பணம் கொடுக்கும் நாட்கள், ஒப்படைக்கும் நாள், மழையோ நோயோ வந்தால் எத்தனை நாள் நீட்டலாம், நீங்கள் கட்டளையை நிறுத்தினால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசி வரியைப் பலர் எழுத விரும்புவதில்லை. வெட்டிய ஓலையையும் ஏற்றிய பாவையும் வேறொருவருக்கு விற்க முடியாதென்பதால் அந்த வரிதான் மிக அவசியமானது.

பாதியை முன்னே கொடுங்கள். மீதியைக் கடைசி நாளுக்கு ஒதுக்காமல், முடிந்த எண்ணிக்கைக்குக் கிழமைதோறும் கொடுங்கள். நுண்கடன் தவணைக்காரர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அதற்கு முதல் நாளில் பணம் போய்ச் சேரும்படி பாருங்கள். இது சிறிய விடயமாகத் தோன்றும். அந்த ஒரு நாள் பிந்தியதால் காதுத்தோடு அடகுக்குப் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். சங்கத்தின் மூலம் கொடுத்தால், சங்கம் எவ்வளவு கழிக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

10. பொருளைப் பொறுப்பேற்றல்

எது குற்றம், எது கைவேலையின் இயல்பு என்பதை முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். ஓலையின் நிறம் பைக்குப் பை சற்று மாறுவதும், துணியில் இங்கொன்றும் அங்கொன்றும் முடிச்சுத் தெரிவதும் இயல்பு. பிடி தைத்த இடம் இழுத்தால் விரிவதும், ஓலையில் பூஞ்சணம் இருப்பதும், ஈர வெள்ளைத்துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுவதும் குற்றம்.

பத்துப் பொருட்கள் முடிந்தவுடனே முதல் பார்வையைச் செய்யுங்கள். நூறும் முடிந்த பின் பிழையைச் சொன்னால் தொண்ணூறு பொருட்களின் உழைப்பு வீணாகும். நீங்கள் கொடுத்த அளவோ சாயமோ பிழையானால் இழப்பு உங்களுடையது. கைப்பிழையானால் திருத்தித் தரக் கேட்கலாம்.

11. விற்கும்போது சொல்வது

செய்பவரின் பெயரும் படமும் அவருடைய சம்மதத்தோடு மட்டுமே வெளியே போக வேண்டும். சம்மதம் கேட்கும்போது, அந்தப் படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்பதைக் கைத்தொலைபேசியில் காட்டியே கேளுங்கள். “வேண்டாம்” என்றால் கைகளை மட்டும் படமெடுக்கலாம், அதுவும் கேட்ட பின்பே.

அட்டையில் எழுத வேண்டியது போரில் யாரை இழந்தார் என்பதல்ல. எந்த ஓலை, எத்தனை மணித்தியாலம், விற்பனை விலையில் அவருக்குப் போனது எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். இரங்கி வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். பொருளை அறிந்து வாங்குபவர் அடுத்த ஆண்டும் வருவார், குறை இருந்தால் சொல்லவும் செய்வார். நெடுநாள் வேலை அவரிடமிருந்துதான் வரும்.

விசைத்தறித் துணியைக் கலந்து விற்பது இந்தத் தொழிலின் கழுத்தை நெரிக்கும் வேலை. ஒரு சேலை அவசரமாகப் போதாமல் போனாலும் கடையில் வாங்கி ஈடுகட்டாதீர்கள். வாங்குபவரிடம் நாள் பிந்தும் என்று சொல்லுங்கள்.

12. பொதியும் பழுதுபார்த்தலும்

ஓலைப் பொருளை வெயிலில் ஒருநாள் காயவைத்து, சூடு தணிந்த பின் கடதாசியில் சுற்றுங்கள். பொலித்தீன் உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் வரும். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகும் தாவரப் பொருட்கள் கடுமையாகச் சோதிக்கப்படும். பூச்சியோ விதையோ மண்ணோ ஒட்டியிருக்கக் கூடாது, உள்ளே இருப்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

கைத்தறித் துணியை முதல் மூன்று முறை தனியாக, குளிர்ந்த நீரில், மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். ஓலைப்பை நனைந்தால் வடிவத்தைக் கையால் சரிசெய்து, உள்ளே கடதாசி திணித்துக் காற்றில் காயவிடலாம்.

ஒவ்வொரு துணியோடும் அதே பாவிலும் ஊடையிலும் மிஞ்சிய நூலில் சில மீற்றரைச் சிறு அட்டையில் சுற்றி வைத்து அனுப்புங்கள். இழை அறுந்தால் தைத்துக்கொள்ள உதவும். ஓலைப் பைக்குப் பிடி அறுந்தால் மாற்றித் தர என்ன கூலி என்பதை முதல் உடன்படிக்கையிலேயே பேசி, அந்தத் தொகையை அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுவிடுங்கள்.